அனுப்பும் முன் கேட்கவும்

அலுவலகத்தில் அவனை எல்லோரும் கனெக்‌ஷன் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எதைப் பார்த்தாலும் அதை வேறு எதனோடாவது இணைக்காவிட்டால் அந்த மனுஷனுக்குக் கை அரிக்கும். வேன்களை வரைபடத்தோடு இணைத்தான், சரி. வாசல் மணியை எல்லோருடைய செல்போனோடும் இணைத்தான், போகட்டும். முதலாளி அறையின் ஏசியை அவருடைய காலண்டரோடு இணைத்தான் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. லீவு என்று குறித்துவிட்டு மனசு மாறி வேலைக்கு வந்த முதலாளி, அன்று பொழுது முழுக்க வேர்வையில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டோடு படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி அது. பின்னால் கொட்டகையில் வரிசையாகச் சிலிண்டர்கள். வாசலில் இரண்டு வேன். முன்னறையில் ஒரு மேஜை, ஒரு போன், அந்தப் போனுக்குப் பின்னால் போன் அக்கா. ஊரில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைத் தெரியும். யாருக்கு எந்த அளவில் திறந்து வைக்க வேண்டும், எந்த வீட்டில் மாடிப்படி குறுகல், எந்த வீட்டில் மருமகள் எடுத்தால் விவரம் கிடைக்கும், மகன் எடுத்தால் சண்டைதான் கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் இறந்தாலும் அவள் கணினியில் குறிக்க மாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒருவர் இறந்துவிட்டார் என்று குறித்த மாத்திரத்தில் அந்தக் கணக்கு மூடிக்கொள்ளும். மறுநாள் காலையே வேனுக்கு உத்தரவு போய்விடும், சிலிண்டரை எடுத்து வா என்று. கணினியில் அப்படி ஒரு ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் செய்து வைத்தானோ. ஒருமுறை டிரைவர் அந்த உத்தரவை நம்பிப் போய், உடலை இன்னும் எடுக்காத வீட்டு வாசலில் நின்று, "சிலிண்டர எடுக்க வந்தேங்க" என்று சொல்லி, அந்த வீட்டு மகனிடம் அடி வாங்காத குறையாகத் திரும்பி வந்தார். அன்றைக்கு முடிவு செய்தாள் அக்கா. சாவுச் செய்தி சொல்லிப் போன் வந்தால் கேட்டுக்கொள்வாள், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்வாள், மனதில் வைத்துக்கொள்வாள். சில நாள் கழித்து அவளே கூப்பிட்டு, பக்குவமாகப் பேசி, அவர்கள் சரி என்றால் வண்டி அனுப்புவாள். சிலிண்டர் கொட்டகைக்கு வந்த பிறகுதான் கணக்கு மூடும். அதுவரை கணினியைப் பொறுத்தவரை எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் முதலாளிக்கு ஏஐ ஆசை பிடித்தது. யாரோ ஒரு நண்பர் தன் கடையில் வைத்திருக்கிறாராம், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறதாம். நமக்கும் ஒன்று வேண்டும். வந்தது. அலுவலகம் அதற்குப் புதுசு என்று பெயர் வைத்தது. வந்த புதிதில் அது நன்றாகப் பேசியது, அவ்வளவுதான். எத்தனை சிலிண்டர் கையிருப்பு என்று கேட்டால், மன்னிக்கவும், எனக்குத் தெரியாது என்றது. முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது.

"இதுக்கு வாய் மட்டும்தான் சார் இருக்கு. கை கால் நான் குடுக்கறேன்" என்றான் கனெக்‌ஷன்.

அப்படியே கொடுக்க ஆரம்பித்தான். கையிருப்புக் கணக்கை இணைத்தான். வேன்களின் வழித்தடத்தை இணைத்தான். குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை இணைத்தான். அது என்னென்ன செய்கிறது என்று முதலாளி பார்க்க ஆசைப்பட்டதால், அது செய்யும் ஒவ்வொரு காரியத்தின் பதிவையும், அதில் யார் கை வைத்தாலும் அதன் பதிவையும் அதற்கே படிக்கக் கொடுத்தான். மிச்சம் இருந்தது வாடிக்கையாளர் அட்டவணை ஒன்றுதான்.

"என்னைக் கேக்காம அதுல மட்டும் கை வெக்காதடா" என்றாள் அக்கா. "உக்காந்து ஒவ்வொரு வீடா சொல்றேன். அப்புறம் என்ன வேணா இணைச்சுக்கோ."

"சரிக்கா."

சொன்னான், வாய் நிறையச் சொன்னான். மறுநாள் அக்கா லீவு. முதலாளி, "என்னப்பா, எப்பத்தான் முடியும்?" என்று வாசலில் நின்று கேட்டார். அன்றைக்கே இணைத்துவிட்டான்.

சும்மா இணைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. படிக்க மட்டும் அனுமதி, எழுதவும் அனுப்பவும் அனுமதி என்று இரண்டு இருந்தன. இரண்டாவதைக் கொடுத்தான். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம், 'அனுப்பும் முன் கேட்கவும்'. சோதித்துப் பார்த்தபோது ஒவ்வொரு செய்திக்கும் அது அனுப்பட்டுமா, அனுப்பட்டுமா என்று கேட்டு உயிரை வாங்கியது. எரிச்சலில் அந்தக் கட்டத்தின் டிக்கை எடுத்தான். திரும்பப் போடவில்லை. கடைசியாகப் புதுசுக்கு ஒரு கட்டளையும் எழுதினான்: நெடுநாளாகச் சிலிண்டர் மாற்றாத வாடிக்கையாளர்களைச் சொந்தக்காரர் போல அன்பாக விசாரி, வேண்டும் என்றால் வண்டிக்கு ஏற்பாடு செய். எழுதிவிட்டு அந்த வரியைத் தானே இரண்டு தரம் படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது.

'வணக்கம். அம்மா எப்படி இருக்கிறார்கள்? நெடுநாளாகச் சிலிண்டர் மாற்றவில்லை என்று கவனித்தோம். மூச்சு சிரமம் இல்லாமல் இருக்கிறதா? இன்று புதிய சிலிண்டர் அனுப்பட்டுமா?'

அம்மா போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது.

இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேரும் முன் அவனும் இவர்களுடைய வாடிக்கையாளர்தான். அம்மா கடைசிக் காலத்தில் இவர்கள் சிலிண்டரில்தான் மூச்சு விட்டாள். போன அன்று, என்ன செய்வதென்று தெரியாமல் இந்த நம்பருக்குத்தான் போன் போட்டான். "நீ சிலிண்டரப் பத்தி யோசிக்காதப்பா. அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்றாள் அக்கா. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு அழுகையே வந்தது. பிறகு வேலை காலி என்று சொல்லி அவனை இங்கே வரச் சொன்னதும் அவள்தான். அந்தச் சிலிண்டரை அவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அக்காவும் கேட்கவில்லை. அது இன்னும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. மனைவி அதன் கழுத்தில் தன் கைப்பையை மாட்டி வைப்பாள்.

ஆக, கணினியில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் உயிரோடு இல்லை என்பது, அக்காவைத் தவிர அந்த அலுவலகத்தில் ஒரே ஒருத்தனுக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் இணைத்தான். மறந்துவிட்டான் என்பதுதான் உண்மை. ஆனால் பெற்ற அம்மா விஷயத்தையுமா ஒருத்தன் மறப்பான்?

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினான். இணைப்பைத் துண்டித்தான். அதற்குள் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் செய்தி போயிருந்தது. அனுப்பிய செய்திகளின் பட்டியலில் தன் நம்பர் இருந்த வரியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். வாசலில் முதலாளியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்த ஒரு வரியை மட்டும் அழித்தான்.

அன்று முன்னறையில் போன் ஓயவில்லை. அக்கா எடுத்து எடுத்து மன்னிப்புக் கேட்டாள். ஒரு வீட்டில் விவரம் தெரியாத குழந்தை 'வேணும்' என்று பதில் தட்டிவிட, டிரைவர் புதுச் சிலிண்டரைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி, மாலை போட்ட படத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். "எனக்குன்னு வந்து வாய்க்குது பாருங்க, சாவு வீட்டுல சிலிண்டர் கேட்டவன்னு பட்டம் இருந்தது. இப்ப குடுத்தவன்னு வேற ஆயிடுச்சு" என்று புலம்பினார். யாரும் சிரிக்கவில்லை.

மதியம் ஒரு தையல்காரர் நேரிலேயே வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, அதை எடுக்கக்கூட மறந்து கிளம்பி வந்திருக்கிறார். கத்தவில்லை. செல்போனை மேஜைமேல் வைத்தார்.

"என் சம்சாரம் எப்படி இருக்கான்னு கேட்டிருக்கீங்க. என்ன பதில் போடணும்னு தெரியல. நீங்களே சொல்லுங்க."

அக்கா எழுந்து நின்றாள். "தப்பு எங்களுதுங்க" என்றாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கனெக்‌ஷன் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு எட்டு வைத்தால் அந்த அறை. போகவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் முதலாளி அவனைக் கூப்பிட்டார். "என்னய்யா இது கூத்து? எங்க தப்பு நடந்தது?"

"டேட்டால பிரச்சினை சார்."

"யாரு டேட்டா?"

"வாடிக்கையாளர் அட்டவணை சார்... போன் அக்கா பாத்துக்கறது."

அவ்வளவுதான் சொன்னான். பொய் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆள் தப்பித்துக்கொள்ளும்போது எவ்வளவு சுத்தமாகப் பேசிவிடுகிறான் பாருங்கள்.

முதலாளி நூலைப் பிடித்துக்கொண்டு போனார். இறந்தவர்களை ஏன் குறிக்கவில்லை? குறிக்காத வீடுகளில் சிலிண்டர்கள் எங்கே? கொட்டகையில் பற்றாக்குறை, புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது, இங்கே ஒருத்தி கம்பெனி சரக்கைத் தானம் பண்ணிக்கொண்டிருக்கிறாளா? தானமா, வேறு ஏதாவதா? அந்த 'வேறு ஏதாவது' அலுவலகம் முழுக்கப் பரவியது. வாரக் கடைசியில் எல்லோரையும் உட்கார வைத்து விசாரிப்பதாகச் சொன்னார். அக்காவுக்கு வேலை போய்விடும் என்று டிரைவர் முதல் கூட்டுகிறவர் வரை பேசிக்கொண்டார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று கனெக்‌ஷன் தினமும் நினைத்தான். காலையில் முதலாளிக்கு நேரம் சரியில்லை என்று தோன்றியது. மாலையில் தனக்குச் சரியில்லை என்று தோன்றியது. அக்கா எப்போதும் போல, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள். அவன் சொன்ன 'சரிக்கா'வைப் பற்றியோ, லீவு நாளைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேள்விப்பட்டுவிட்டாள். துணி மடித்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"அந்த அக்காவையா திருடின்னு சொல்றாங்க? அத்தை போனப்ப நம்மகிட்ட பேசின மாதிரி யாராவது பேசினாங்களா? நீங்க எதுவும் சொல்லலையா?"

"பேசிக்கிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

அவன் மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தான். அவள் கதவுக்குப் பின்னால் போய், சிலிண்டரில் மாட்டியிருந்த தன் கைப்பையைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள்.

விசாரணை நாள் வந்தது. முதலாளி அறையில் நான்கு நாற்காலி. முதலாளி, அக்கா, டிரைவர், கனெக்‌ஷன். மேஜைமேல் புதுசு பேசும் சின்ன ஒலிபெருக்கி. இந்த முறை எல்லாவற்றையும் படிக்க மட்டும் அனுமதித்து அவனேதான் மறுபடி இணைத்துக் கொடுத்திருந்தான், முதலாளி கேட்டாரே என்று.

"ஆள் போயும் கணக்கு மூடாத வீடு எது எது, சிலிண்டர் எங்க நிக்குது, சொல்லுங்கம்மா" என்றார் முதலாளி.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். காகிதம் எதுவும் இல்லை. தையல்காரர் வீடு, மக வெளிநாட்டுல இருந்து வந்ததும் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கார். மூணாவது மாடி வீடு, அடுத்த வாரம் எடுத்துக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், அந்தம்மா இன்னும் அந்த ரூமைத் திறக்கல, நான் ரெண்டு தரம் பேசிட்டேன். ஒவ்வொரு வீட்டையும் அப்படிச் சொன்னாள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளிகூடக் குறுக்கே பேசவில்லை.

"அவ்வளவுதாங்க" என்றாள்.

கனெக்‌ஷனுக்கு உடனே தெரிந்தது. ஒரு வீடு குறைந்தது. அவன் வீடு. மறதி என்று சொல்ல முடியாது, அவளாவது மறப்பதாவது. வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் நிற்கும் சிலிண்டர் வெளியே வந்தால் இவனுக்கு எல்லாம் தெரியும் என்பதும் வெளியே வரும். தன் தலைக்குமேல் கத்தி தொங்கும்போதும் இவனை மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாயைத் திறந்தான். சத்தியமாகத் திறந்தான்.

"இரு, இரு" என்று கையைக் காட்டினார் முதலாளி. "இவங்க சொல்றது சரியான்னு அதையே கேட்டுடுவோம்." நெடுநாளாகச் சிலிண்டர் மாற்றாத வீடுகள் எவை என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டார்.

புதுசு தன் இனிமையான குரலில் ஒவ்வொரு முகவரியாகப் படித்தது. அக்கா சொன்னவை அத்தனையும் வந்தன. பிறகு, "இன்னும் ஒன்று இருக்கிறது" என்று அவன் வீட்டு முகவரியைச் சொன்னது. "இந்த எண்ணுக்கும் அன்று விசாரிப்புச் செய்தி அனுப்பினேன். பின்னர் அனுப்பியவற்றின் பட்டியலிலிருந்து அந்த வரி மட்டும் நீக்கப்பட்டுள்ளது. நீக்கியவர், இணைப்பை அமைத்தவர். அனுப்பும் முன் கேட்க வேண்டாம் என்ற அமைப்பும் அவருடையதே. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

முதலாளி கையை நீட்டி ஒலிபெருக்கியை அணைத்தார்.

"நான்... இப்ப அதைத்தான் சொல்ல வந்தேன் சார்" என்றான் கனெக்‌ஷன். அறையில் இருந்த யாரும் அதை நம்பவில்லை. அவனுக்கே அது மாட்டிக்கொண்டவன் பேச்சாகத்தான் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். அக்கா கேட்டுக்கொண்டது, லீவு நாள், டிக், அம்மா, அழித்த வரி. எதற்குப் பிறகு எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னான்.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "சரி விடு. புதுசா ஒண்ணைக் கொண்டுவந்தா இப்படி ஒண்ணு ரெண்டு நடக்கத்தான் செய்யும். இனிமே அந்த டிக்கைப் போட்டு வை. சிலிண்டரத் திருப்பிக் குடுத்துடு." மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது. பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க ஒரு வீட்ட மறைச்சீங்க. என் முகத்துக்கு நேரா 'அவ்வளவுதான்'னு சொன்னீங்க. இன்னும் எத்தனை மறைச்சீங்கன்னு நான் எப்படி நம்பறது? இன்னியோட நின்னுக்குங்க."

"சார், அது எனக்காக..." என்றான் கனெக்‌ஷன்.

"உனக்காகன்னுதான் எனக்கும் தெரியுதே. அதான் தப்பு." முதலாளி எழுந்தார். "நீ நாளைக்கே போனையும் இதோட இணைச்சிடு. மிஷின் எதையும் மறைக்காது."

"சரி சார்."

அந்த இரண்டு வார்த்தை எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளாக அந்த அறையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகச் சொல்லிவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போனாள்.

முன்னறையில் அவள் தன் கண்ணாடிக் கூட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் போய் நின்றான்.

"அக்கா, மிஷின் சொல்றதுக்கு முன்னாடியே நான் வாயெடுத்தேன்க்கா."

"பாத்தேன்டா" என்றாள் அக்கா. "நிஜமாத்தான் வாயெடுத்த. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் இருந்துச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தாள், அது நடுவில் மாட்டிக்கொண்டது. அவன் உதவி செய்யக் கை நீட்டினான். அவள் பையை லேசாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அவனுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவள் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது போன் அடித்தது. அக்காவின் கை பழக்கத்தில் போய், பாதி வழியில் நின்றது. போனை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுத்தான்.

"அக்கா இல்லீங்களா?" என்று ஒரு பெண் குரல். பின்னால் வீட்டில் பல பேர் பேசும் சத்தம். "அப்பாவுக்கு... இப்பத்தாங்க. மூச்சு நின்னுபோச்சு. உங்க சிலிண்டர் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அதை மூடறதா என்னன்னு தெரியல. அக்காகிட்ட குடுங்களேன்."

ஒரு காலத்தில் அந்த முனையிலிருந்து பேசியவன், இந்த முனையில் பேயறைந்தவன் போல நின்றான். போனை அக்காவிடம் நீட்டினான். வேலை போன பிறகு அதை வாங்க அவளுக்கு எந்த அவசியமும் இல்லை. வாங்கினாள்.

"சொல்லும்மா... ஐயோ. எப்போ? ... சரி. பக்கத்துல யாரு இருக்கா? ... மேல இருக்கற சாவிய வலது பக்கமா மெதுவாத் திருப்பு. நிக்கற வரைக்கும் திருப்பு. ஆமா. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாம திருப்பு." அவள் காத்திருந்தாள். "மூடிட்டியா? சரி. இப்ப நீ அதை மறந்துடு. வண்டி, ஆளு, மெசேஜு, எதுவும் வராது. நீயா கூப்பிடற வரைக்கும் யாரும் வந்து கேக்க மாட்டாங்க. நான் சொல்றேன்ல."

போனை வைத்தாள். அந்த வாக்கைக் காப்பாற்ற அவளிடம் இனி எதுவும் கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"தலையாட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

"அந்த வீட்டுக்கு வண்டி போகாதுக்கா. மெசேஜும் போகாது. நாளைக்கு இவரு போனை இணைக்கச் சொன்னா, முடியாதுன்னு சொல்றேன்."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். உள்ளே முதலாளி யாரிடமோ, நாளை முதல் போனை எடுக்க ஆளே தேவையில்லை என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.